சயாமில் யாரும் நிற்கக் கூடாது

எடைப்பாலத்தைத் தாண்டும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. கட்டில், அலமாரி, தம்பி, தங்கை, அம்மா, அப்பா எல்லாவற்றையும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு லோரி இடது பக்கம் திரும்பிப் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். நான் வலது பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து ஒரு மடிப்பு அட்டையை வைத்திருந்தேன். அது நனையக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை. செம்மண் காலில் அப்பியது. ஜப்பான் சிலிப்பரின் ஒரு வார் அறுந்துபோனது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. தோட்டம் விற்றுப்போனது, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னது, லோரியில் ஏறியது. நம்மில் பாதிப் பேருக்கு அதுதானே கதை. உங்களில் சிலரும் அப்படித் தனியாக நடந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊரில், எத்தனையோ வேலையில் இருந்துவிட்டேன். எதிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. இப்போது சொல்ல வந்தது வயிற்றில் வைத்திருந்த அந்த அட்டையைப் பற்றி.

அந்த வருடக் கடைசியில் பள்ளி விடுமுறை. நான் இரண்டாம் படிவத்தோடு நிறுத்திவிட்டதால் எனக்கு எல்லா நாளும் விடுமுறைதான். பழைய துரை மாற்றலாகிப் போனபோது பங்களா சமையல்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் குப்பையோடு போட்டார். பெட்டிக்குள் உலகப் படம் அச்சடித்த அட்டை, பிளாஸ்டிக் சிப்பாய்கள், பகடைகள். பகடையை உருட்டிப் பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். உலகம் முழுவதையும் பிடித்தவன் ஜெயித்தவன். விதிகள் எழுதிய தாளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. தின்றது போக மிச்சத்தைக் கிராணி மகன் வாசித்துச் சொன்னான். தின்ற பாதிக்கு நாங்களே சட்டம் வைத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். கிராணி மகன் ஒருவன். அவன் அப்பா ஆபீசில் கணக்கு எழுதி டைப் அடிப்பவர். அவர்கள் வீடு லயத்தில் இல்லை, வேலி போட்டுத் தனியாக இருந்தது. அவன் இங்கிலீஷ் புத்தகம் வாசிப்பான். மண்டோர் மகள் ஒருத்தி. அவள் அப்பா வெளிக்காட்டு வேலையை மேய்ப்பவர். அவள் எங்களைவிட ஒரு வயது மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். மூன்றாவது நான். என் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர்.

வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் அப்போது பிள்ளைகள் யாரையும் விடுவதில்லை. மூடிப் பல மாதம் ஆகியும் பால்மாவு வாடையும் மூத்திர வாடையும் போகவில்லை. தூளி கட்டும் கொக்கிகள் உத்திரத்தில் வரிசையாகத் தொங்கின. சிமிண்டுத் தரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். சிவப்புச் சிப்பாய்கள் பெட்டியில் இல்லாததால் சாகா மரத்தின் சிவப்பு விதைகளைப் பொறுக்கி வைத்தோம். அவைதான் என் படை. தட்டினால் உருண்டு ஓடிவிடும். ஆர்ஜெண்டினாவில் நிறுத்தியவன் ஆப்பிரிக்காவில் கிடப்பான்.

சண்டை மட்டும் போட்டால் ஆட்டம் நகராது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஒப்பந்தம் போட வேண்டும். வாய்ப்பேச்சை யாரும் நம்பவில்லை. அதனால் கோயிலில் பெரியவர்கள் செய்வதைச் செய்தோம். ஒரு சூடத்தைக் கொளுத்தி, இரண்டு பேரும் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம். சூடம் அணைத்துச் சொன்னதை மீறினால் கை அழுகும் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் மீறவில்லை. ஆனால் மண்டோர் மகள் சத்தியத்தை அளந்து செய்வாள்.

"இந்தியாவுலேருந்து வரமாட்டேன்னுதான் சொன்னேன்" என்பாள். "சீனாவுலேருந்து வரமாட்டேன்னா சொன்னேன்?"

"இவகிட்ட சூடம் அணைக்கிறதும் ஒண்ணு, பாம்புக்கு முட்ட வைக்கிறதும் ஒண்ணு லா" என்பான் கிராணி மகன்.

சயாமுக்கு வருகிறேன். அந்தப் படத்தில் நம் நாடு பெயரோடு இல்லை. சயாம் என்று எழுதிய ஒரு திட்டின் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கிராணி மகன் உற்சாகத்தில் கத்தினான்: "சயாமுக்குப் பத்துப் பேர அனுப்புறேன்!"

கொட்டகைக்குப் பக்கத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த அம்மா வாசலில் கிடந்த ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "எவன்டா அவன், சயாமுக்கு ஆள் புடிக்கிறவன்?"

"ஆண்டி, இது வெளயாட்டு..." என்றான்.

"வெளயாட்டுக்குக்கூட அந்த ஊருக்கு ஆள் அனுப்பாத. போனவன் எவன் வந்தான்?"

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போனதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் திரும்பி வராத ஒருவர் இல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டில் அப்பாவின் அப்பா. மண்டோர் வீட்டில் இரண்டு பேர். அன்றைக்கே சட்டம் வைத்தோம்: சயாமில் யாரும் நிற்கக் கூடாது, யாரும் ஆள் அனுப்பக் கூடாது. அந்தத் திட்டு எப்போதும் காலியாகவே கிடக்கும்.

அந்தச் சட்டத்தால் லாபம் எனக்கு. ஆஸ்திரேலியாவுக்குள் போக ஒரே வழி, அது சயாமில்தான் தொடங்குகிறது. சயாம் மூடிக் கிடந்தால் ஆஸ்திரேலியாவை யாரும் தொட முடியாது. நான் எப்போதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். சாகா விதைகள் குவியும். பயமே இல்லை.

போன வருடம் புஞ்சாக் ஆலாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நாலு பேர் அதே ஆட்டத்தை விரித்து வைத்திருந்தார்கள்.

"ப்ரோ, ஆஸ்திரேலியால உக்காந்து கேம்ப் அடிக்காத லா."

"ஸ்ட்ரேட்டஜி மச்சான், ஸ்ட்ரேட்டஜி."

"சயாம்ல போய் ஆள போடு. வெளிய வரவே முடியாது, செத்தான்."

சொன்னவன் பன்னிரண்டு சிப்பாய்களை அள்ளி சயாமில் வைத்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துடைத்த மேசையையே நான் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இந்த கேம் தெரியுமா?"

"தெரியாது தம்பி" என்றேன்.

நாங்கள் ஆடிய அந்தப் பள்ளி விடுமுறையில்தான் தோட்டம் கைமாறிய செய்தி வந்தது. புதிய கம்பெனி மரத்தை வெட்டி வீடு கட்டப் போகிறது; மரத்தைச் சாய்க்கும்வரை குலை வெட்டு நடக்கும். இருபத்திரண்டு குடும்பமும் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். போக இடம் தருவதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆண்கள் கோயிலில் கூடினார்கள். மண்டோரும் என் அப்பாவும் முன்னால் நின்றார்கள். வீட்டுக்கு வீடு கொடுத்தால்தான் கையெழுத்து, அதுவரை குலை வெட்டுவதில்லை என்று முடிவானது. இருபத்திரண்டு பேரும் வரிசையாக வந்து சூடம் அணைத்தார்கள்.

மண்டோர் சொன்னார்: "மூணு நாளு. பழம் மரத்துலயே பழுத்து உதிரட்டும். நாலாம் நாளு தொர நம்ம வாசல்ல வந்து நிப்பான்."

"நம்மள விட்டா எவன் இருக்கான் வெட்டுறதுக்கு?" என்றார் அப்பா.

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் கூலிக்காரர்கள் கூட்டாகத் தங்கும், பலகை அடித்த கொங்சி வீட்டில் ஏழெட்டு இந்தோனேசியக்காரர்கள் இருந்தார்கள். களைக்கு மருந்து அடிக்க வந்தவர்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை எங்கள் வாசலில் வந்து அம்மாவிடம் கீரை வாங்குவார். அம்மாவுக்குத் தெரிந்த மலாயில் இருவரும் சிரித்துப் பேசுவார்கள். கோயில் கூட்டத்தில் அவர்கள் பேச்சு எழவே இல்லை.

அடுத்த நாள் ஆட்டத்தில் மண்டோர் மகள் தன் நீலச் சிப்பாய்களை எடுத்து சயாமில் வைத்தாள்.

"ஏய், அங்க நிக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

"போனவன் வரமாட்டான்."

"எங்க தாத்தா போனாரு, வரல. நான் போயிட்டு வரேன்" என்று பகடையை உருட்டினாள். பத்து நிமிடத்தில் ஆஸ்திரேலியா போய்விட்டது. அவ்வளவு விதைகள் குவிந்திருந்தும், ஒன்றுகூட வாசலில் நிற்கவில்லை. எல்லாம் உள்ளே கிடந்தன.

விதைகளை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்: "உங்கப்பாவும் எங்கப்பாவும் இப்படித்தான் ஒரு எடத்த தெறந்து போட்டுருக்காங்க. கொங்சி வீட்டுல போய் ஒரு வார்த்த பேசினாங்களா?"

அதை எங்களிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். சாயந்திரம் ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், தன் அப்பா முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

மண்டோர் சிரித்தார். "அவனுங்களா? மருந்தடிக்க வந்தவன் கொல வெட்டுவானா? நாலு மாசத்துல ஊருக்கு ஓடிப்போறவன்கிட்ட நான் போய்க் கையேந்தணுமா?" கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். பிறகு மண்டோர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆம்பள பசங்களோட உக்காந்து பகட உருட்டுனதெல்லாம் போதும். நாளையிலேருந்து வீட்ட விட்டு எறங்காத."

அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்கு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம். சயாம் சட்டம் உடைந்துவிட்டது. இந்த முறை நான் அங்கே முப்பது விதை வைத்தேன். இந்தியாவும் சீனாவும் கிராணி மகன் கையில் இருந்தன. இரண்டுக்கும் பக்கத்து வீடு சயாம். என்னோடு ஒப்பந்தம் போடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

திங்கட்கிழமை வெட்டு நின்றது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நீ சயாம விட்டு வெளிய வராத. அதுக்கு ஒண்ணு தரேன்."

"என்னா தருவ? பிரேசிலா?"

"நாடு இல்ல. ஒரு விஷயம். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மொதல்ல சூடம் அணை."

அணைத்தேன். பேராசைதான். விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அன்றைக்குச் சூடம் பெரிய கட்டி. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது.

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வியாழக்கெழம காலைல மூணு லோரி ஆளு வருது. எல்லாம் இந்தோனேசியாக்காரங்க. கொங்சில இருக்கற பெரியவருதான் அவங்கள மேக்கப் போறாரு. கடுதாசிய எங்கப்பாதான் டைப் அடிச்சாரு."

நான் அந்த ஆட்டத்தில் சயாமை விட்டு வெளியே வரவில்லை.

புதன்கிழமை அப்பா சந்தோஷமாக இருந்தார். வேலை இல்லாத நாளில் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. சணல் கயிறு ஒன்றை எடுத்து அம்மாவின் அலமாரியை அளந்தார். நீளத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு. புது வீட்டு அறைக்குள் அது போகுமா என்று பார்க்கவாம். "கதவுக்குப் பச்சப் பெயிண்டு அடிக்கணும்" என்றார். கருவாட்டுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"அப்பா" என்றேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

அம்மா என் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். எங்கே சுட்டுக்கொண்டேன் என்று கேட்டார். அடுப்பில் என்றேன்.

வியாழக்கிழமை லோரிகள் வந்தன. எங்கள் ஆட்கள் பாதை ஓரத்தில் கைகட்டி நின்றார்கள். யாரும் மறிக்கவில்லை, யாரும் பேசவில்லை. மண்டோர் மட்டும் காறித் துப்பினார். கொஞ்ச நேரத்தில் குலைகள் விழ ஆரம்பித்தன. ஈரத் தரையில் பழக்குலை விழுந்தால் ஒரு மாதிரி மொத்தென்று கேட்கும், வயிற்றில் குத்தியதுபோல. சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கத்து வரிசை என்று அப்பா சொல்வார். அன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஆத்தோர வரிச... இப்ப மேட்டு வரிச..."

துரை எங்கள் வாசலில் வந்து நிற்கவில்லை. ஆறு வாரத்தில் ஒவ்வொருவராக ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சூடம் அணைத்த சத்தியத்துக்குப் பூசாரி ஒரு பரிகாரம் சொன்னார், தேங்காய் உடைத்துப் பாவத்தைக் கழித்துக்கொண்டார்கள். மண்டோர் பதினேழாவது. அப்பா கடைசி. வீடு யாருக்கும் கிடைக்கவில்லை.

போவதற்கு முதல் நாள் கொங்சிப் பெரியவர் கீரை வாங்க வந்தார். அம்மா கீரையோடு வளர்த்த கோழிகளையும் கொடுத்துவிட்டார். அவர் கோழிகளின் காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு மலாயில் சொன்னார்: "அக்கா, யாராவது ஒருவர் வந்து எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் அரிவாளைத் தொட்டிருக்க மாட்டோம். யாரும் கேட்கவில்லை."

நான் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை அப்பா மெத்தையைச் சுருட்டி அந்தச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுகள் அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தன.

"அப்பா, லோரி வர்றது எனக்கு முன்னாடியே தெரியும்."

கை நின்றது. "எப்ப?"

"ரெண்டு நாளு முன்னாடி. கிராணி மகன் சொன்னான்."

"ஏன்டா சொல்லல?"

"சூடம் அணைச்சேன்."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் ஆறிப்போய் வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. "சூடம் அணைச்சா சொல்லக் கூடாதுதான்" என்றார். கையை விட்டார். "அந்தப் பக்கம் புடி, இறுக்கணும்."

பிடித்தேன். இறுக்கினார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் அடித்திருந்தால் நான் லோரியில் ஏறியிருப்பேன்.

பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிராணி வீட்டு வேலிக்குப் போனேன். அவன் அட்டையை மடித்து எடுத்து வந்து கொடுத்தான். சிப்பாய்களை அவன் தங்கை சோற்றுச் சட்டிக்குள் போட்டு விளையாடுகிறாளாம்.

"நீ உங்கப்பாகிட்ட சொல்லவே இல்லியா?" என்று கேட்டான்.

"இல்ல. இன்னிக்குத்தான் சொன்னேன்."

வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். "சொல்லிருவேன்னு நெனச்சேன்டா" என்றான். "அதுக்குத்தான் உங்கிட்ட சொன்னேன். நானா வந்து உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். அப்படித்தான் எடைப்பாலம் வந்தது, வலது பக்கம் வந்தது, சிலிப்பர் வார் அறுந்தது. கோலசிலாங்கூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிலையத்துப் பெஞ்சில் படுத்துக்கொண்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் காப்பிக் கடை முன்னால் ஒரு லோரி நின்றது. பின்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் இந்தோனேசியக்காரர்கள். டிரைவர் என்னைப் பார்த்து, "வேலைக்கு வரியா? சாப்பாடு உண்டு" என்றான். ஏறினேன். லோரித் தரை முழுக்கப் பழைய செம்பனைப் பழக் கசிவு, பிசுபிசுவென்று. அட்டையை விரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். இடம் மிச்சமிருந்ததால் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டியது. பாசிர் பெனம்பாங் பக்கத்திலிருந்து மீன் வாடை வந்தது. செகிஞ்சான் வயல்கள் முடிந்து மறுபடி செம்பனை தொடங்கும் இடத்தில் லோரி உள்ளே திரும்பியது. வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆண்கள் கைகட்டி, பெண்கள் குடை பிடித்து. பின்னால் லயம். எங்களை எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இங்கே ஒரு வித்தியாசம். அவர்களில் ஒரு பெரியவர் லோரி கிட்டே வந்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, மலாயில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தங்களுக்குப் போக வீடு இல்லை, இரண்டு நாள் மட்டும் வெட்டாமல் இருந்தால் போதும் என்றார். லோரியில் இருந்தவர்கள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் என்மேல் வந்தது.

"தம்பி, எந்தத் தோட்டம்டா நீ?"

சொன்னேன்.

"அப்ப ஒனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நீயாச்சும் இவங்ககிட்ட எடுத்துச் சொல்லு."

இறங்கி நடந்திருக்கலாம். நடக்கத் தெரியாதவன் இல்லை நான். ஒருவன் சாக்குகளைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினான். வெட்டத் தெரிந்தவர்கள் கழி அரிவாளை எடுத்துக்கொண்டார்கள். என் வயதைப் பார்த்துவிட்டு, கீழே சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். அட்டை லோரியிலேயே கிடந்தது. பெரியவர் துண்டைத் தலையில் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏழு சாக்கு பொறுக்கினேன்.